ஈயம் மாற்றிக் கொடுத்த விளக்குகள்

கடைத்தெருவில் அவளை ‘ஈயம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, அவள் தொழில். ரேடியோ, மைக், ஒலிபெருக்கி என்று எது செத்துப்போய் வந்தாலும் திறந்து பார்த்து, விட்டுப்போன இடத்தில் ஒரு சொட்டு ஈயம் வைத்து உயிர் கொடுத்து அனுப்புவாள். இன்னொன்று, அவள் பேச்சு. காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றுகிற மாதிரி பேசுவாள் என்று பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் சொல்வார். அவள் காதுபடவே சொல்வார். அவளும் ஒருநாளும் மறுத்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். நீள மேஜை, இரண்டு பக்கமும் பெண்கள், ஆளுக்கொரு உருப்பெருக்கிக் கண்ணாடி. நகரும் பட்டையில் வருகிற பச்சைப் பலகைகளில் கொசுக்கால் அளவுக்குக் கம்பிகளைப் பற்றவைக்க வேண்டும். தொழிற்சாலையை மூடியபோது மற்ற பெண்கள் தையலுக்கும் துணிக்கடைக்கும் போனார்கள். இவள் மட்டும் தன் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, சந்தின் கடைசியில் தகர ஷட்டர் போட்ட இந்தக் கடையைப் பிடித்தாள். கடை என்றால், ஒரு மேஜையும் இரண்டு முக்காலியும் போட்டதும் ஆள் உள்ளே வரவேண்டுமென்றால் இன்னொரு ஆள் வெளியே போகவேண்டும், அவ்வளவுதான். கணவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லும் மனிதன். அதனால் அந்த வீட்டில் சண்டை வளரவே வளராது.

அவளுக்கு ஒரு அக்கா. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாலிப வயதில் இசைக்கருவிகள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்களுக்குக் கருவியைத் துடைத்துக் காட்டுவதுதான் வேலை. துடைத்துத் துடைத்தே கீபோர்டு வாசிக்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் மேடைக் கச்சேரிக் குழு நடத்தும் மாஸ்டர் கீபோர்டு வாங்க வந்தார். இவள் வாசித்துக் காட்டினாள். வாத்தியம் வாங்க வந்தவர் வாத்தியத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வாசித்தவளை அழைத்துக்கொண்டு போனார் என்று பிற்பாடு ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து அவள் அந்தக் குழுவில்தான். பாட்டுக் கச்சேரி, பள்ளி ஆண்டுவிழா, கல்யாண வரவேற்பு, நினைவுக் கூட்டம் எதுவானாலும் மேடையின் இடது ஓரத்தில் நிமிர்ந்த முதுகோடு அவள் உட்கார்ந்திருப்பாள்.

இவர்களுடைய அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போட்டவள். நடுவயதில் அவளுக்குக் கண் கெட ஆரம்பித்தது. முதலில் பொழுது சாய்ந்தால் எதுவும் தெரியவில்லை. பிறகு பகலிலும் ஓரங்கள் மறைந்துகொண்டே வந்தன. கதவின் சாவித்துளை வழியே பார்ப்பதுபோல, நேர் எதிரே இருப்பது மட்டும் ஒரு சின்ன வட்டமாகத் தெரிந்தது. கடைசியில் அந்த வட்டமும் மூடிக்கொண்டது. மருந்தில்லை, பரம்பரையாக வருவது என்று டாக்டர்கள் சொன்னார்கள். பரம்பரை என்ற சொல்லை அந்த வீட்டில் அதற்குப்பின் யாரும் வாயில் எடுக்கவில்லை.

அம்மா இளையவளோடு இருந்தாள். குளியலறைக்குக் கூட்டிப்போவது, தட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்வது, புடவை முந்தானையை எடுத்துக் கையில் கொடுப்பது எல்லாம் ஈயத்தின் பாடு. மூத்தவள் கச்சேரி இல்லாத நாட்களில் வருவாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். வந்ததும் வராததுமாக என்ன ஓட்டம் என்று தங்கைக்கு எரிச்சலாக இருக்கும்.

அம்மா இறந்த அன்று அக்கா வெளியூர் மேடையில் இருந்தாள். மாலையில் சேதி போயிற்று. அம்மாவுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது, மூத்தவளைக் கேட்கிறாள், உடனே வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து கடைசிப் பேருந்தைப் பிடித்தால் நேரத்துக்கு வந்திருக்கலாம். அக்கா மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தாள். அதற்குள் அம்மா போய்விட்டிருந்தாள்.

வாசலிலேயே ஈயம் அவளை மறித்தாள். உறவினர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே காத்தைத் தடவிக்கிட்டிருந்தா. உனக்கு மேடைதான் பெருசாப் போச்சு. உனக்கும் ஒருநாள் கண்ணு இருட்டும் பாரு, அன்னைக்குத் தெரியும் அவ பட்டது.”

அக்கா தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, உள்ளே போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். அடக்கம் முடிந்ததும் போய்விட்டாள். அதன்பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஈயத்தின் கணவன் மட்டும் எப்போதாவது தன் பேருந்தில் அக்கா ஏறினால், வீட்டில் வந்து, இன்றைக்கு உன் அக்காவைப் பார்த்தேன் என்பான். ஈயம் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். அதோடு முடிந்துவிடும்.

சில வருடம் இப்படியே போயிற்று. அப்போதுதான் அந்த நினைவுக் கூட்டம் நடந்தது.

பல காலம் ஒரே பள்ளியில் வேலை பார்த்த தலைமை ஆசிரியை காலமாகியிருந்தார். அவரிடம் படித்தவர்கள் ஒரு பெரிய அரங்கை எடுத்துக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். மேடையில் மாலை போட்ட படம். எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்க, விளக்குகளை அணைத்துவிட்டு, படத்தின்மேல் மட்டும் ஒரு வெளிச்சம் விட்டார்கள். அந்த மௌனம் முடிகிற இடத்தில் கீபோர்டில் ஆர்கன் ஒலி மெல்ல எழவேண்டும். அக்கா கையை வைத்தாள். எழுந்தது ஆர்கன் இல்லை, ட்ரம்பெட். அரங்கு முழுக்க எக்காளம் முழங்கியது. முன்வரிசையில் இருந்த ஆசிரியையின் மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பின்னால் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அக்கா கையை எடுத்து, பொத்தானைத் தேடி, மறுபடி வைத்தாள். மறுபடியும் ட்ரம்பெட். மாஸ்டர்தான் பக்கத்தில் வந்து குனிந்து சரியான பொத்தானை அழுத்தினார்.

குழுவுக்குள் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. மேடைப் படியில் அவள் தடுமாறுகிறாள், நாற்காலியில் இடித்துக்கொள்கிறாள், யாராவது கை நீட்டினால் கவனிக்காமல் போகிறாள். அவள் குடிக்கிறாள் என்று முடிவுகட்டியிருந்தார்கள். அன்றைக்கு அது உறுதியாயிற்று. அந்தப் பேச்சு அக்காவின் காதுக்கும் வந்திருந்தது. அவள் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு முற்பகலில், வாடகை வண்டிக்காரர் ஒருவர் நீளமான கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈயத்தின் கடைவாசலுக்கு வந்தார். பின்னால் அக்கா. ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஈயம் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. வேலையாக வந்தவர்களிடம் பேசுகிற குரலிலேயே, என்ன ரிப்பேர் என்று கேட்டாள்.

ரிப்பேர் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது, இதிலுள்ள விளக்குகளை மாற்றித் தரவேண்டும் என்றாள் அக்கா.

அது பழைய காலத்துக் கீபோர்டு. பியானோ, ஆர்கன், வயலின், புல்லாங்குழல், ட்ரம்பெட் என்று ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு பொத்தான். பொத்தான்கள் மூன்று வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பொத்தானின் மூலையிலும் கடுகளவு சிவப்பு விளக்கு. எந்த ஒலியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமோ அதன் விளக்கு மட்டும் எரியும். இருட்டு மேடையில் அதைப் பார்த்துத்தான் வாசிக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈயம் மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாள். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தன. நல்லாத்தானே எரியுது என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் பார்ப்பதற்குத் தலையை மெல்ல இடமும் வலமுமாக நகர்த்தினாள், தரையில் விழுந்த ஊசியைத் தேடுகிறவள் மாதிரி. அந்தத் தலையசைப்பை ஈயம் பல வருடம் வீட்டில் பார்த்திருக்கிறாள்.

அவள் எழுந்துபோய் ஷட்டரை இறக்கினாள். நடுப்பகலில் கடை இருண்டது. வெளியே பூட்டுக்கடைக்காரர் என்னாச்சு என்று கேட்டார்.

“இப்போ எந்த விளக்கு எரியுது, சொல்லு.”

அக்கா தலையை மறுபடி இடமும் வலமுமாக நகர்த்தினாள். “எதுவும் எரியற மாதிரி தெரியல.”

மேல் வரிசையில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஈயம் அதை அணைக்காமல் அப்படியே நின்றாள். பிறகு, இது எப்போதிருந்து என்று கேட்டாள். குரலில் காரம் இல்லை.

அக்கா சொன்னாள். அம்மா போவதற்கு முந்தைய வருடமே தெரிந்துவிட்டதாம். பொழுது சாய்ந்தால் தெரு தெரியாது. அதனால்தான் இருட்டுவதற்குள் கிளம்பி ஓடினாள். அந்த வெளியூர்க் கச்சேரி அன்று சேதி வந்ததும் கிளம்பத்தான் கிளம்பினாள். பேருந்து நிலையத்துக்கு விளக்கில்லாத மைதானத்தைத் தாண்டிப் போகவேண்டும். நடுவில் திறந்த சாக்கடை. அதற்கு முந்தின வாரம்தான் வேறொரு ஊரில் பள்ளத்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். யாரையாவது துணைக்குக் கூப்பிட்டால் ஏன் என்று சொல்லவேண்டும். கொஞ்ச தூரம் நடந்தாள், எதிலோ மோதினாள், திரும்பி வந்து மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விடிகிறவரை அங்கேயே இருந்தாள்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா.” என்றாள் ஈயம். “நான் அப்படிப் பேசறேன், நீ வாயைத் திறக்காம நின்னியே.”

“என்னன்னு சொல்றது? நீ அப்படிச் சொன்ன கையோட, எனக்கு ஏற்கெனவே இருட்டிக்கிட்டுதான் இருக்குன்னா, அதைக் கேட்டு நீ தாங்குவியா? அப்புறம் சொல்லலாம்னு பார்த்தேன். நாள் போகப் போக இன்னும் கஷ்டமாயிடுச்சு. எப்போ சொன்னாலும் உன் வாய்ச்சொல் பலிச்சதுன்னுதானே நீ நினைப்பே. அதனாலதான் வரல. இப்பவும் வேற யாருகிட்டயாவது போகலாம்னுதான் பார்த்தேன். வேற யாருகிட்டப் போனாலும் எதுக்குன்னு கேப்பாங்க. நீ கேக்கமாட்டே, பார்த்ததுமே தெரிஞ்சுக்குவே.”

ஈயம் இருட்டில் முக்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். அக்காதான் கடைசியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுதது போதும்டி, விளக்கைப் பாரு என்றாள்.

அன்றே ஈயம் கீபோர்டைத் திறந்தாள். அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கியபோது, மேடை மேடையாகச் சேர்ந்த தூசியும் ஒரு காதுக் கம்மலின் திருகாணியும் உள்ளே கிடந்தன. அக்கா அதைக் கையில் வாங்கி, இத்தனை நாளாக இதற்குள்ளேயா இருந்தாய் என்றாள்.

விளக்கு மாற்றுவது பார்க்கச் சுலபம், செய்யத்தான் பாடு. ஈயம் முதலில் தன் டிராயரில் இருந்ததிலேயே வெளிச்சம் மிகுந்த நீல விளக்குகளை எடுத்துப் பற்றவைத்தாள். மின்சாரம் கொடுத்தால் மங்கலாகக்கூட எரியவில்லை. போர்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான், முன்பலகைக்குப் பின்னால் சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருப்பது தெரிந்தது. சிவப்பைத் தவிர வேறு வெளிச்சத்தை அது வெளியே விடாது. தன் தலையில் தானே குட்டிக்கொண்டு அதைச் சூடுகாட்டி உரித்தெடுத்தாள். நீலம் பளீரென்று எரிந்தது. ஷட்டரை இறக்கிக் காட்டினாள். அக்கா முகத்தைச் சுளித்தாள். வெளிச்சம் இருப்பது தெரிகிறது, எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை என்றாள். பனியில் எதிரே வருகிற வண்டியின் விளக்குபோலப் பரவி, பொத்தானையே மறைத்துவிட்டது. வெள்ளை போட்டுப் பார்த்தார்கள். அதுவும் அப்படித்தான் பரவியது.

எது பளிச்சென்று எரிகிறதோ அது நன்றாகத் தெரியும் என்று ஈயம் நினைத்திருந்தாள். அப்படி இல்லை என்று தெரிந்ததும் வேறு வழி யோசித்தாள். ஒரு தாளை விரல் பருமனுக்குச் சுருட்டிக் குழாயாக்கினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறுகண்ணில் குழாயை வைத்து, இருட்டில் கீபோர்டைப் பார்த்தாள். மூன்று வரிசைப் பொத்தான்களில் இரண்டு மூன்று பொத்தான்தான் ஒரு சமயத்தில் தெரிந்தன. எரிகிற விளக்கைக் கண்டுபிடிக்கவே குழாயை அங்குமிங்கும் நகர்த்தவேண்டியிருந்தது. கண்டுபிடித்தாலும் அது எந்த வரிசை என்று தெரியவில்லை. ஓரத்தைப் பார்த்தால்தானே வரிசை தெரியும்? குழாயைக் கண்ணிலிருந்து எடுக்காமலே எழுந்து நடந்து பார்த்தாள். முக்காலியில் இடித்து, அதையும் தள்ளி, தானும் விழுந்தாள். அக்கா பதறிப்போய் என்னடி சத்தம் என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஈயம் கொஞ்ச நேரம் தரையிலேயே இருந்தாள். அம்மா அந்த வீட்டில் வருடக்கணக்காக எப்படி நடமாடினாள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு தடவைகூட அம்மா எதையும் தள்ளி உடைத்ததாக நினைவில்லை. அவ்வளவு மெதுவாக நடந்திருக்கிறாள்.

அதன்பிறகு வேலை நேராகப் போயிற்று. இடத்தைப் பார்த்து வரிசையைத் தெரிந்துகொள்ள முடியாதவளுக்கு நிறத்தைப் பார்த்துத் தெரியவேண்டும். வரிசைக்குள் எத்தனையாவது பொத்தான் என்பது அவள் விரலுக்கே தெரியும். பியானோ, ஆர்கன் இருக்கும் மேல் வரிசைக்கு மஞ்சள். வயலின் வகையறாவும் புல்லாங்குழலும் இருந்த நடு வரிசைக்குப் பச்சை. மஞ்சள் அக்காவின் கண்ணில் பரவாமல் ஒரு மணிபோல நின்றது. பச்சை மட்டும் மஞ்சளை அமுக்குகிற அளவுக்கு எரிந்தது. அந்த வரிசைக்கு மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரைத் தேடி மாற்றினாள். கொஞ்சம் கூட்டுவாள், ஷட்டரை இறக்குவாள், கேட்பாள். குறைப்பாள், மறுபடி இறக்குவாள். பூட்டுக்கடைக்காரர், அக்காவும் தங்கையும் உள்ளே கள்ள நோட்டு அடிக்கிறார்களா என்று வெளியே நின்று கேட்டார். உங்க பூட்டை நம்பித்தான் ஷட்டரை இறக்குகிறோம் என்று உள்ளிருந்து ஈயம் சொன்னாள். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். தங்கை அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

கீழ் வரிசை ட்ரம்பெட் வகை. அதற்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டாள்.

“அதுக்கு விளக்கே வேண்டாம். எதுவும் எரியலன்னா ட்ரம்பெட்னு தெரிஞ்சுக்கறேன்.”

நல்ல யோசனைதான். ஈயம் கீழ் வரிசை விளக்குகளைப் பிடுங்கிவிட்டு மூடியைப் பூட்டினாள்.

வேலை முடிந்த அன்று அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். உன் கண்ணையும் போய்க் காட்டு என்றாள். ஈயம் மழுப்பினாள். எனக்கென்ன, கொசுக்காலைக் கூடப் பற்றவைக்கிறேன் என்றாள். நடுவில் தெரிவது கடைசிவரை தெரியும், ஓரம்தான் முதலில் போகும், அது உனக்கே தெரியும் என்றாள் அக்கா. அது ஈயத்துக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததனால்தான் இத்தனை வருடமாகப் போகவில்லை. அந்தப் பயத்தை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிறவன் அன்று தானாக வாயைத் திறந்தான். வருஷா வருஷம் நான் கண் டெஸ்டுக்குப் போகிறேன், அவர்கள் ஒன்றும் கண்ணைப் பிடுங்கிக்கொள்ளவில்லை, நாளைக்கு லீவு போடுகிறேன், மூன்று பேரும் போகலாம் என்றான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு சகோதரிகளுக்கும் பரிசோதனை நடந்தது. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து நேரே பார்க்கவேண்டும். கிண்ணத்துக்குள் எங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் மின்னும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும். முதலில் அக்கா போனாள். திரைக்கு வெளியே ஈயமும் அவள் கணவனும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரு டிக் கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒன்று. மறுபடி மௌனம். ஈயம் கணவனின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவள் முறை. அக்கா வெளியே அமர்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். தாளம் பிடித்துப் பழகிய காது. உள்ளே டிக், டிக், டிக் என்று மழைத்தூறல் மாதிரி விழுந்துகொண்டே இருந்தது. ஈயம் வெளியே வந்தபோது டாக்டர் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அக்காவின் முகம் மலர்ந்திருந்தது.

“உனக்கு ஒண்ணும் இல்லடி. நான் கேட்டுட்டேன்.”

டாக்டரும் அதையேதான் சொன்னார். ஈயம் ஆஸ்பத்திரி நடையிலேயே அழுதாள். தப்பித்தோம் என்று சந்தோஷப்பட அவளால் முடியவில்லை. அக்காவைப் பார்க்கவே கூசியது. அக்கா அவள் தலையைத் தடவித் தேடிப் பிடித்து, தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“ஒரு வீட்டுக்கு ரெண்டு பேரு போதும்டி. அம்மாவும் நானும் கணக்கை முடிச்சாச்சு.”

குழுவில் விஷயத்தைச் சொல்லவேண்டும் என்று ஈயம் அடித்துச் சொன்னாள். அக்கா தானே போய் மாஸ்டரிடம் சொன்னாள். மாஸ்டர் கேட்டுவிட்டு வெகுநேரம் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். நாங்கள் வேறு என்னவோ நினைத்துவிட்டோம் அம்மா என்றாராம். தெரியும், நான் குடிக்கிறேன் என்றுதானே என்று இவள் சொன்னதும், மனுஷர் தரையைப் பார்த்துக்கொண்டார். அன்றுமுதல் மற்றவர்கள் ஏறுவதற்கு முன்னாலேயே அவளை மேடையேற்றி உட்காரவைப்பது என்று ஏற்பாடாயிற்று. தபேலாக்காரர்தான் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார். குடிக்கிறாள் என்று முதலில் கிளப்பிவிட்டவரும் அவரே.

புது விளக்கோடு அவள் வாசித்த முதல் கச்சேரிக்கு ஈயம் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அரங்கு இருண்டதும் மேடையின் இடது ஓரத்தில் மஞ்சள் புள்ளி ஒன்று தெரிந்தது. பாட்டின் நடுவில் அது அணைந்து பச்சையாயிற்று. அதே நொடியில் வயலின் ஒலி எழுந்தது. மறுபடி மஞ்சள். ஈயம் பாட்டைக் கேட்கவே இல்லை. விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருதரம்கூடப் பிசகவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அந்த விளக்குகளைப் பார்த்த மற்றக் குழுக்காரர்கள் அதை அலங்காரம் என்று நினைத்தார்கள். ஒவ்வொருவராகக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஈயத்தின் கடைக்கு வந்தார்கள். இது அழகுக்குப் போட்டது இல்லை என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சரி, என்ன நிறம் என்று கேட்டால் எல்லோருக்கும் நீலம்தான் வேண்டும். கண்ணைக் குத்தும் என்பாள். குத்தட்டும் என்பார்கள். செய்து கொடுத்தாள். கழற்றிய சிவப்பு விளக்குகள் ஒரு டப்பா நிறைய அவளிடம் சேர்ந்தன.

அக்கா அப்படிப் பல வருடம் வாசித்தாள். இடையில் விளக்குகளை இன்னும் இரண்டு தரம் மாற்றவேண்டி வந்தது. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் பிரகாசமாக. பிறகு தங்கை பொத்தான்களில் ஈயத்தைச் சொட்டுச் சொட்டாக ஒட்டிக்கொடுத்தாள், விரல் தடவித் தெரிந்துகொள்ள. ஆர்கனுக்கு ஒரு சொட்டு, வயலினுக்கு இரண்டு. அதற்கப்புறம் விளக்கு பற்றிய பேச்சு குறைந்துபோயிற்று. அக்கா தன் அறையைக் காலிசெய்துவிட்டுத் தங்கை வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா படுத்திருந்த அறையை அவளுக்குக் கொடுக்க ஈயத்துக்கு மனம் வரவில்லை. தங்கள் அறையைக் கொடுத்துவிட்டு அவர்கள் அங்கே மாறிக்கொண்டார்கள். ஈயத்தின் கணவன் தன் வழித்தடத்தில் கச்சேரி இருந்தால், கடைசி நடையில் அக்காவை ஏற்றிக்கொண்டு, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கீபோர்டுப் பெட்டியோடு உட்காரவைத்துக் கூட்டிவருவான்.

ஒரு காலை, ஈயம் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உள்ளே அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆர்கனில் எதையோ மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தாள். செருப்பைத் தேடி அறைக்குள் எட்டிப்பார்த்த ஈயம் நின்றுவிட்டாள். ஆர்கன் ஒலிக்கிறது, மஞ்சள் விளக்கு எரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தாள். விளக்கு செத்திருந்தது. நேற்றுச் செத்ததா, போன வாரமா, யாருக்குத் தெரியும்? அக்கா அந்த விளக்குக்கு நேராகத்தான் முகத்தை வைத்திருந்தாள். அது எரியாதது அவளுக்குத் தெரியவில்லை.

ஈயம் பையை இறக்கிவைத்தாள். உள்ளே போய்த் திருப்புளியும் சால்டரிங் அயர்னும் எடுத்து வந்தாள். அக்கா கையை எடுத்துக்கொண்டு, என்ன என்றாள்.

“ஒரு விளக்கு போயிருக்கு. மாத்திடறேன்.”

“எது?”

“மஞ்சள்.”

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு நாளாக விளக்கு தெரிவதுபோலக் காட்டிக்கொண்டு இருந்தது வெளியே வந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. இனி வேண்டாம் விடு என்று சொல்லப்போகிறாள் என்று ஈயம் காத்திருந்தாள். சொன்னால் அந்த வேலையை நிறுத்திவிடவும் தயாராக இருந்தாள்.

“மாத்து,” என்றாள் அக்கா.

ஈயம் கீபோர்டைத் தரையில் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றினாள். அயர்ன் சூடேறியதும் புகை வாசம் அறையில் பரவியது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அந்த வாசத்தின் பக்கமே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து மூடியைப் பூட்டி, கீபோர்டைத் தூக்கி அவள் மடிக்கு எதிரே வைத்து, மின்சாரம் கொடுத்தாள்.

“எரியுதா?”

“எரியுது அக்கா.”

அக்கா ஒற்றைச் சொட்டு ஈயத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். ஈயம் அன்றைக்குக் கடையைத் தாமதமாகத் திறந்தாள்.